ஆங்கிலத் திருப்பலியில் பங்கேற்பது எப்படி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கான சொல் வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமணமாகியோ தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேரும் கத்தோலிக்கர் பலருக்கு, முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடுமாற்றம் ஏற்படுகிறது. டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் ஆகிய பகுதிகளிலும் கோயிலுக்குள் திரும்பிய பக்கமெல்லாம் நம் சாயல் கொண்ட முகங்களே தெரியும். ஆனால் வழிபாடு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும்; இடையிடையே ஒரு ஜூலுப் பாடல் ஒலிக்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பன் துறைமுகத்தில் இறக்கியதிலிருந்து பல தலைமுறைகள் கடந்துவிட்டன. அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்று வீட்டு மொழியே ஆங்கிலம்தான். ஆகவே இங்குள்ள பங்கு வாழ்க்கையில் கலந்துகொள்ள விரும்புகிறவர் கோயில் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவரும் கோயிலில் வாய்மூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோயில் ஆங்கிலம் அன்றாட ஆங்கிலத்திலிருந்து விலகி நிற்பதே இதற்குக் காரணம். எனினும், சிறு வயதிலிருந்து மறைக்கல்வி கற்று, பூசை கண்டு, செபமாலை சொல்லி வளர்ந்த உங்களுக்கு இதில் புதிய பொருள் எதுவும் இல்லை; பொருள் முழுவதும் ஏற்கெனவே உங்களிடம் தமிழில் இருக்கிறது. அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதைவிட, தெரிந்த தமிழ்ச் சொல்லுக்கு நேராக ஆங்கிலச் சொல்லைப் பொருத்திக்கொண்டு போவதே விரைவான வழி. எது முதலில் தேவைப்படுமோ அதை முதலில் கற்கலாம் என்னும் முறையில் கீழுள்ள படிகளை அமைத்திருக்கிறேன்.

முதற்படி: திருப்பலியின் பதிலுரைகள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடப்பக்கம் தமிழ்ப் பதிலுரையையும் வலப்பக்கம் ஆங்கிலப் பதிலுரையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தை வேகமாக வாசிக்க வராத முதியவர்களுக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள். ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று குரு சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘த லார்ட் பி வித் யூ’ என்பார்; ‘உம் ஆன்மாவோடும் இருப்பாராக’ என்பதற்கு ‘அண்ட் வித் யுவர் ஸ்பிரிட்’ என்று பதில் சொல்ல வேண்டும். ‘அது தகுதியும் நீதியுமானதே’ என்பது ‘இட் இஸ் ரைட் அண்ட் ஜஸ்ட்’. நற்கருணை வாங்குவதற்கு முன் சொல்லும் ‘ஆண்டவரே, நீர் எனது இல்லத்தில் எழுந்தருளி வர’ என்னும் செபம், ‘லார்ட், ஐ அம் நாட் வொர்தி தட் யூ ஷுட் என்டர் அண்டர் மை ரூஃப்’ என்று தொடங்கும். முதல் வாசகம் முடிந்ததும் ‘தேங்க்ஸ் பி டு காட்’ என்றும், நற்செய்தி முடிந்ததும் ‘ப்ரெய்ஸ் டு யூ, லார்ட் ஜீசஸ் கிரைஸ்ட்’ என்றும் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவது புதியவர்களிடம் வழக்கமாகக் காணப்படுவதால், நோட்டுப் புத்தகத்தில் அவற்றுக்கு அருகில் ஒரு குறி இட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை அறிக்கைக்கு மட்டும் ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள். ‘உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்; தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘பிகாட்டன், நாட் மேட், கான்சப்ஸ்டான்ஷியல் வித் த ஃபாதர்’ என்பார்கள். ‘கான்சப்ஸ்டான்ஷியல்’ என்பது கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுசுக்கு விடையாக அறிக்கையில் சேர்த்த கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. இந்த ஒரு சொல்லை நிறுத்தி நிதானமாக உச்சரிக்கப் பழகிவிட்டால் அறிக்கையின் மற்றப் பகுதிகள் எளிதாக வந்துவிடும்.

இங்குள்ள மூத்தவர்கள் சிலர் பழக்கத்தால் ‘அண்ட் ஆல்ஸோ வித் யூ’ என்று சொல்லிவிடுவதைக் கேட்கலாம். அது முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருந்த பதிலுரை. புதிய மொழிபெயர்ப்பின்படி மக்கள் சொல்லும் பகுதிகளைத் தென்னாப்பிரிக்கத் திருச்சபை 2008ஆம் ஆண்டு திருவருகைக் காலத்திலேயே நடைமுறைப்படுத்திவிட்டது. ஆங்கிலம் பேசும் பிற நாடுகள் பலவற்றில் அது 2011இல்தான் வந்தது. இதில் டர்பனுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. டர்பன் பேராயராக இருந்த டெனிஸ் ஹர்லி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் பங்கேற்றவர். ஆங்கில வழிபாட்டு நூல்களை மொழிபெயர்க்கும் பன்னாட்டு ஆணைக்குழுவுக்கு 1975 முதல் 1991 வரை தலைவராக இருந்தவர். உலகெங்கும் ஆங்கிலத்தில் பூசை கண்டவர்கள் அந்நாள்களில் சொன்ன செபங்கள் அக்குழுவின் உழைப்பில் உருவானவை. விக்டோரியா தெருச் சந்தைக்கு அருகிலுள்ள இம்மானுவேல் பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. சந்தைக்குப் போகும் நாளில் உள்ளே சென்று செபித்துவிட்டு வாருங்கள்.

ஜூலு மொழியிலும் ஒரு தொடரைக் கற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பதைப் பல பங்குகளில் ‘ங்கோசி சிஹாவுகேலே’ என்று பாடுவார்கள். பக்கத்தில் நிற்கும் ஜூலுத் தாயோடு சேர்ந்து அதைப் பாடுவது அவரோடு உறவு கொள்வதற்கு நல்ல தொடக்கமாகும்.

இரண்டாம் படி: தெரிந்த சொல், தெரியாத பொருள்

புதியவர்களை அதிகம் குழப்புபவை அரிய சொற்களல்ல, நாள்தோறும் பயன்படுத்தும் எளிய சொற்களே. ‘மாஸ்’ என்றால் வெளியே கூட்டம் அல்லது பொருள்திணிவு; கோயிலில் அது திருப்பலி. ‘ஹோஸ்ட்’ என்றால் வெளியே விருந்தளிப்பவர். கோயிலில் அது நற்கருணை அப்பம். நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ‘ஓஸ்தி’யும் அதே இலத்தீன் வேரிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்ததால், இதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. ‘ஃபீஸ்ட்’ என்று அறிவிப்பில் கண்டால் விருந்து என்று எண்ணிவிடாதீர்கள்; அது திருவிழா அல்லது திருநாள். ‘பேஷன்’ என்பது இயேசுவின் பாடுகள். ‘ஸ்டேஷன்ஸ்’ என்பது சிலுவைப்பாதையின் 14 நிலைகள். ‘மிஸ்டரி’ என்பது மறைபொருள். செபமாலையைப் பொறுத்தவரை தேவ இரகசியம். ‘ஆர்டினரி டைம்’ என்பதற்குச் சாதாரண நேரம் என்று பொருளில்லை. வாரங்களை வரிசை எண்ணிட்டுச் செல்லும் பொதுக்காலத்தை அது குறிக்கிறது.

‘ரிலிஜியஸ்’ என்னும் சொல்லுக்குப் பக்தியுள்ள என்று பொருள் கொண்டு பழகியிருப்போம். பங்கு அறிவிப்பில் ‘பிரீஸ்ட்ஸ் அண்ட் ரிலிஜியஸ்’ என்று வந்தால், அது குருக்களையும் துறவியரையும் குறிக்கும். அருட்சகோதரிகளும் அருட்சகோதரர்களும் அதில் அடங்குவர். ‘கிரேஸ்’ என்பது அருள். ஆனால் பேராயரை விளிக்கும்போது ‘யுவர் கிரேஸ்’ என்பது மரியாதைச் சொல், உணவுக்கு முன் ‘சே கிரேஸ்’ என்றால் சாப்பாட்டுச் செபம் சொல்வது. ‘இன்டென்ஷன்’ என்பது பூசைக் கருத்து. இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினால், பங்கு அலுவலகத்தில் ‘ஐ வுட் லைக் டு புக் எ மாஸ் இன்டென்ஷன்’ என்று சொல்லிப் பெயரையும் தேதியையும் கொடுத்தால் போதும். ‘ஃபார் த ரிபோஸ் ஆஃப் த சோல்’ என்று அறிவிப்பில் வருவது, ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று நாம் சொல்வதுதான். கல்லறையில் நினைவுக்கல் எழுப்பி மந்திரிக்கும் நிகழ்ச்சியை இந்நாட்டில் ‘அன்வெய்லிங்’ என்பார்கள். அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள், ஏனெனில் குடும்பங்கள் அதைப் பெரிதாக மதிக்கின்றன.

தவக்காலத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘ஃபாஸ்டிங்’ என்பது நம் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது. ‘ஆப்ஸ்டினன்ஸ்’ என்பது நம் சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது. திருநீற்றுப் புதனன்றும் புனித வெள்ளியன்றும் இரண்டும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரை ஒருசந்திக்கும், 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். ஒரே சொல்லால் இரண்டையும் ‘ஃபாஸ்டிங்’ என்று சொல்லிவிட்டால், பிள்ளைகளின் பள்ளியில் தேவையற்ற குழப்பம் வரும்.

திருப்பலியில் பயன்படும் பொருள்களின் பெயர்களை, பீடப் பணியாளராகவோ கோயில் அலங்காரத்திலோ உதவ விரும்புகிறவர் மட்டும் இப்போதே கற்றால் போதும். இரசக் கிண்ணம் ‘சாலிஸ்’, அப்பத் தட்டு ‘பேட்டன்’, நற்கருணைப் பாத்திரம் ‘சிபோரியம்’, நற்கருணைப் பேழை ‘டாபர்னக்கிள்’, கதிர்ப்பாத்திரம் ‘மான்ஸ்ட்ரன்ஸ்’, தூபக்கலசம் ‘தூரிபிள்’, குரு திருவுடை அணியும் அறை ‘ஸாக்ரிஸ்டி’ எனப்படும்.

மூன்றாம் படி: பங்கு அலுவலகமும் தாள்களும்

குடியேறிய பகுதியின் பங்கில் பெயரைப் பதிவு செய்வதை ‘ரெஜிஸ்டரிங் வித் த பாரிஷ்’ என்பார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்; பிள்ளைக்குத் திருமுழுக்கோ புதுநன்மையோ வேண்டிவரும்போது முதல் கேள்வியே நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதாகத்தான் இருக்கும். திருமுழுக்கு ‘பாப்டிஸம்’, புதுநன்மை ‘ஃபர்ஸ்ட் ஹோலி கம்யூனியன்’, உறுதிப்பூசுதல் ‘கன்ஃபர்மேஷன்’, ஞானப்பெற்றோர் ‘காட்பேரன்ட்ஸ்’ அல்லது ‘ஸ்பான்சர்ஸ்’. இங்கே ‘ஸ்பான்சர்’ என்றால் செலவை ஏற்பவர் அல்லர். ஞானப்பெற்றோராக நிற்பவர் பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும், உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராகவும், பிள்ளையின் தாய் தந்தை அல்லாதவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் என்பதற்காக வேறு சபையைச் சேர்ந்தவரை முன்னமே அழைத்துவிட்டுப் பின்பு சங்கடப்படாமல், முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். வேறு சபையில் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். அவரை ‘கிறிஸ்டியன் விட்னஸ்’ என்பார்கள்.

திருமணத்துக்கு ஆயத்தம் செய்யும்போது ‘ரீசன்ட் பாப்டிஸ்மல் சர்ட்டிஃபிகேட்’ கேட்பார்கள். குழந்தைப் பருவத்தில் எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய சான்றிதழ் இதற்குப் பயன்படாது. வழக்கமாக, ஆறு மாதங்களுக்குள் சொந்தப் பங்கிலிருந்து புதிதாக எடுத்த படி வேண்டும். ஒருவருடைய உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் ஆகியவை அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. புதிய படியில் அக்குறிப்புகளும் வருவதால், அவர் இதுவரை திருமணமாகாதவர் என்பதை அது காட்டுகிறது. அக்குறிப்புகளுக்கு ‘அன்னொடேஷன்ஸ்’ என்று பெயர். ஊரிலுள்ள உறவினரிடம் படி எடுக்கச் சொல்லும்போது, ஓரக்குறிப்புகளையும் சேர்த்து எழுதித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது என்று நாம் சொல்வதை இங்கே ‘பப்ளிஷிங் த பேன்ஸ்’ என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் ‘மேரேஜ் ஆஃபிசர்’ என்று நியமிக்கப்பட்ட குரு, கோயில் திருமணத்தோடு அரசுப் பதிவுக்குரிய தாள்களிலும் கையெழுத்து வாங்குவார். உங்கள் பங்குத்தந்தை அவ்வாறு நியமிக்கப்பட்டவரா என்று முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் புனிதர்களுக்கு அழகான தமிழ்ப் பெயர்களைச் சூட்டினார்கள். இராயப்பர் என்பவர் பீட்டர், சின்னப்பர் என்பவர் பால், அருளப்பர் என்பவர் ஜான், சூசையப்பர் அல்லது வளனார் என்பவர் ஜோசப், முடியப்பர் என்பவர் ஸ்டீஃபன், ஞானப்பிரகாசியார் என்பவர் அலோசியஸ், சந்தியாகப்பர் என்பவர் ஜேம்ஸ். தந்தையின் பெயர் திருமுழுக்குச் சான்றிதழில் ‘பீட்டர்’ என்றும் கடவுச்சீட்டில் ‘ராயப்பன்’ என்றும் இருந்தால், இங்குள்ள அலுவலர் அவற்றை இரு வேறு மனிதர்களின் பெயர்களாகவே எண்ணுவார். அவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இவ்விரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஊர்ப் பங்குத்தந்தையின் முத்திரையுடன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சமாகும். ‘ஒன் அண்ட் த சேம் பர்சன்’ என்னும் தொடர் அக்கடிதத்தில் இருக்கட்டும்.

குருவை நம் ஊரில் ‘தோத்திரம் சாமி’ என்று கைகூப்பி வணங்குவோம். இங்கே ‘குட் மார்னிங், ஃபாதர்’ என்றால் போதும். பீடத்தில் திருவுடை அணிந்து மறையுரை ஆற்றியவர், பூசை முடிந்ததும் மனைவி மக்களோடு காரில் ஏறிப் போவதைக் கண்டு திகைக்க வேண்டாம். அவர் ‘பெர்மனன்ட் டீக்கன்’, அதாவது நிலையான திருத்தொண்டர். அவர் திருமுழுக்குக் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கை நிறைவேற்றலாம்; திருப்பலி நிறைவேற்றவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே ஒப்புரவுக்கென்று அவரிடம் போகக்கூடாது.

நான்காம் படி: ஒப்புரவும் நோயில்பூசுதலும்

ஆங்கிலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே என்னும் தயக்கத்தால் ஆண்டுக்கணக்கில் விலகி நிற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைப் போல வருத்தம் தருவது வேறில்லை, ஏனெனில் இதற்குத் தேவையான ஆங்கிலம் மிகவும் குறைவு. ‘பிளெஸ் மி ஃபாதர், ஃபார் ஐ ஹாவ் சின்ட்’ என்று தொடங்கி, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்பதைச் சொல்லி, பாவங்களை எளிய வாக்கியங்களில் சொன்னால் போதும். பொய் சொன்னேன் என்பது ‘ஐ டோல்ட் லைஸ்’. கோபத்தில் திட்டினேன் என்பது ‘ஐ ஸ்போக் இன் ஆங்கர்’. ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்பது ‘ஐ மிஸ்ட் சண்டே மாஸ்’. சாவான பாவம் ‘மார்ட்டல் சின்’, அற்பப் பாவம் ‘வீனியல் சின்’, குரு கொடுக்கும் அபராதம் ‘பெனன்ஸ்’, பாவமன்னிப்பு ‘ஆப்ஸல்யூஷன்’. மனத்துயர் மன்றாட்டுக்கு ‘ஆக்ட் ஆஃப் கன்ட்ரிஷன்’ என்று பெயர். அதைத் தமிழில் சொல்லலாமா என்று குருவிடம் கேளுங்கள், மறுக்கமாட்டார். மொழி சற்றும் வராதவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் திருச்சபைச் சட்டத்தின் 990ஆம் விதி இடமளிக்கிறது. குருவைப் போலவே அந்த மொழிபெயர்ப்பாளரும் கேட்டதை வெளியிடக்கூடாது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான தாய் தந்தையருக்கு இதைக் கட்டாயம் தெரியப்படுத்துங்கள்.

மருத்துவமனையில் அனுமதிக்கும் படிவத்தில் சமயம் கேட்கும் இடத்தில் ‘கிறிஸ்டியன்’ என்று மட்டும் எழுதாமல் ‘ரோமன் கத்தோலிக்’ என்று எழுதுங்கள். அப்போதுதான் கத்தோலிக்கக் குருவுக்குத் தகவல் போகும். அவஸ்தைப் பூசுதல் என்று முன்னாளில் சொன்னதை இப்போது ‘அனாயின்டிங் ஆஃப் த ஸிக்’ என்கிறார்கள். அது சாகும் தறுவாயில் மட்டும் கொடுப்பதன்று; பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பெறலாம். இறக்கும் வேளையில் கொடுக்கும் நற்கருணைக்கு மட்டுமே ‘வயாட்டிகம்’ என்று பெயர்.

ஐந்தாம் படி: நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு விடை சொல்வது

டர்பனில் இந்திய வம்சாவளியினரிடையே பெந்தெகோஸ்து சபைகள் வலுவாக உள்ளன. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடுதான் கேட்பார்: ‘டு யூ வொர்ஷிப் மேரி?’ மாதா வணக்கம் என்றே சொல்லிப் பழகிய நாம் ‘வொர்ஷிப்’ என்பதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆம் என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனையே ‘வொர்ஷிப்’. புனிதர்களுக்குச் செலுத்தும் வணக்கம் ‘வெனரேஷன்’. மாதாவிடம் நாம் கேட்பது பரிந்துரை, அது ‘இன்டர்செஷன்’. ஆகவே ‘வி வொர்ஷிப் காட் அலோன், வி ஹானர் மேரி அண்ட் ஆஸ்க் ஹர் டு ப்ரே ஃபார் அஸ்’ என்று விடை சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கிக் கொடுங்கள், பள்ளியில் அவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

‘அசென்ஷன்’, ‘அசம்ப்ஷன்’ ஆகிய இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். தமிழில் விண்ணேற்றம் என்றும் விண்ணேற்பு என்றும் நாம் பிரித்துச் சொல்வதையே இங்கும் பின்பற்றலாம். இயேசு தம் ஆற்றலால் விண்ணகம் ஏறியது ‘அசென்ஷன்’. மரியா இறைவனால் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது ‘அசம்ப்ஷன்’. பின்னதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். விண்ணேற்பு அன்னையே தென்னாப்பிரிக்காவின் பாதுகாவலியும் ஆவார். ‘இமாக்குலேட் கன்செப்ஷன்’ என்பதை இயேசு கன்னியிடம் பிறந்ததாகப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் தவறுகிறார்கள். அது அமல உற்பவம்: மரியா தம் தாயின் வயிற்றில் கருவானபோதே பிறவிப் பாவமின்றி இருந்தார் என்னும் கோட்பாடு. 1854இல் ஒன்பதாம் பயஸ் அதை அறிவித்தார். டிசம்பர் 8 அதன் திருநாள்.

இந்நாட்டுக்கே உரிய ஒரு வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். ‘ஆர் யூ டமில் ஆர் கிறிஸ்டியன்?’ என்று ஒருவர் உங்களைக் கேட்கலாம். தென்னாப்பிரிக்க இந்தியரிடையே ‘டமில்’ என்பது தமிழ் முறைப்படி வழிபடும் இந்துக்களைக் குறிக்கும் சமயப் பெயராகவும் வழங்குகிறது. கேட்பவர் உங்கள் மொழியை மறுக்கவில்லை. ‘ஐ அம் கத்தோலிக், அண்ட் ஐ ஸ்பீக் டமில்’ என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் தம் பாட்டி பேசிய தமிழை நினைவுகூரத் தொடங்கிவிடுவார்.

ஆறாம் படி: வரலாற்றுச் சொற்கள்

இவை உடனடியாகத் தேவைப்படாதவை. ஆயினும் நீங்கள் வாழும் மண்ணின் திருச்சபையை அறிந்துகொள்ள உதவுபவை. டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பெயரிலேயே தொடங்கலாம். 1497ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் இக்கரையோரமாகக் கடந்துசென்ற வாஸ்கோ ட காமா இதற்கு ‘நட்டால்’ என்று பெயரிட்டார். போர்த்துக்கீசிய மொழியில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அதுவே பெயர். இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸை ‘நத்தார்’ என்பதும் அதே சொல்லின் வழிவந்ததுதான்.

நிலையான மறைமாவட்டம் அமையாத நாட்டில் ஓர் ஆயரின் பொறுப்பில் விடப்படும் பகுதி ‘விகாரியேட் அப்போஸ்தலிக்’. நட்டால் பகுதி 1850இல் அவ்வாறு அமைக்கப்பட்டு, 1852இல் ஆயர் அலார் தலைமையில் ‘ஆப்லேட்ஸ் ஆஃப் மேரி இமாக்குலேட்’ சபையினர் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தார் இவர்களை அமலமரித் தியாகிகள் என்று நன்கு அறிவார்கள். 1847இல் இலங்கைக்கு வந்த அதே சபையினர்தாம் இவர்கள். தந்தை சபோன் என்னும் பிரெஞ்சு அமலமரித் தியாகி, டர்பனில் நம் ஒப்பந்தத் தொழிலாளரிடையே பணியாற்றினார். 1951இல் தென்னாப்பிரிக்காவில் முறையான ஆயர் ஆட்சியமைப்பு நிறுவப்பட்டபோது டர்பன் ‘ஆர்ச்டயோசிஸ்’, அதாவது உயர்மறைமாவட்டம் ஆயிற்று. பைன்டவுனுக்கு அருகிலுள்ள மரியன்ஹில் மடத்தை 1882இல் நிறுவியவர்கள் ‘டிராப்பிஸ்ட்’ துறவிகள். கடும் மௌனம் காக்கும் சபையினர் அவர்கள்.

புனிதர் நிலைக்கு உயர்த்தும் படிகளின் பெயர்களை அறிந்துகொள்ள இரண்டு வாழ்க்கைகள் போதும். இறை ஊழியர் ‘சர்வன்ட் ஆஃப் காட்’, வணக்கத்துக்குரியவர் ‘வெனரபிள்’, அருளாளர் ‘பிளெஸட்’, புனிதர் ‘செயின்ட்’. மறைசாட்சி தேவசகாயம் 2012இல் அருளாளராகவும் 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். முதல் அறிவிப்பு ‘பியாட்டிஃபிகேஷன்’, இரண்டாவது ‘கேனனைசேஷன்’. தென்னாப்பிரிக்கர் பெனடிக்ட் டாஸ்வா, லிம்போப்போ பகுதியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். இடி விழுந்ததற்குச் சூனியக்காரரே காரணம் என்று சொல்லி, அவர்களைக் கண்டுபிடிக்க ஊரார் பணம் திரட்டியபோது, தம் நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று மறுத்தார். 1990 பிப்ரவரி 2 அன்று கொல்லப்பட்டார். 2015 செப்டம்பர் 13 அன்று அருளாளராக அறிவிக்கப்பட்ட அவரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நீலகண்டன் பிள்ளையாகப் பிறந்து கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்த தேவசகாயத்தை இங்குள்ள நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வாசக மேடையில் நின்று வாசிப்பது

பதிலுரைகள் நாவில் படிந்து சில மாதங்களான பின், வாசகராகப் பெயர் கொடுங்கள். இங்கே வாசகரை ‘ரீடர்’ அல்லது ‘லெக்டர்’ என்றும், வாசக மேடையை ‘ஆம்போ’ என்றும், பணிப் பட்டியலை ‘ரோஸ்டர்’ என்றும் சொல்வார்கள். நூல்களின் பெயர்களை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். திருப்பாடலை ‘ஸாம்’ என்று சொல்ல வேண்டும். எழுத்தில் முதலில் இருக்கும் ப் ஒலிக்காது. யோபுவை நீண்ட ஓகாரத்தோடு ‘ஜோப்’ என்று சொல்ல வேண்டும். குறுக்கிச் சொன்னால் வேலை என்று பொருள்பட்டுவிடும். எசாயா ‘ஐசாயா’, சபை உரையாளர் ‘எக்லீசியாஸ்டீஸ்’, திருத்தூதர் பணிகள் ‘ஆக்ட்ஸ் ஆஃப் தி அப்பாசல்ஸ்’, தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகம் ‘லெட்டர் டு த தெசலோனியன்ஸ்’.

வாசகம் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வாரத்தில், அதே பகுதியைத் தமிழ்த் திருவிவிலியத்தில் முதலில் வாசித்துப் பொருளை மனத்தில் இருத்திக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் உரக்க வாசியுங்கள். அதிகார எண்களையும் ‘ஃபர்ஸ்ட் ரீடிங்’ என்னும் தலைப்பையும் வாசிக்க வேண்டியதில்லை. ‘எ ரீடிங் ஃப்ரம்’ என்று நேராகத் தொடங்குங்கள். முடிவில் ‘த வர்ட் ஆஃப் த லார்ட்’ என்பதை வாசகத்தின் கடைசி வரியோடு ஒட்டிச் சொல்லாமல், சிறிது நிறுத்தி, மக்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ ஐயத்துக்குரியதாக இருந்தால், பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாக ஸாக்ரிஸ்டிக்குப் போய்க் குருவிடமோ திருத்தொண்டரிடமோ உச்சரிப்பைக் கேட்டு, தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு மேடைக்குச் செல்லுங்கள்.